ஏட்டுப்பூச்சியின் பங்கு

வாத்து வாயைத் திறந்தால் வார்த்தை வந்த காலம் ஒன்று இருந்தது. கழுதைக்கு அப்போது எல்லாவற்றிலும் ஒரு கருத்து உண்டு. அதைக் கேட்காதவர்களிடமும் சொல்லும் பழக்கமும் உண்டு.

அந்தக் காலத்தில், சீன தேசத்தில், வெய் நதி வளைந்து திரும்பும் இடத்தில் மெங் லூ என்று ஓர் ஊசி வைத்தியர் இருந்தார். உடம்பில் இன்ன இடம் என்று விரலால் அளந்து, முடியைப் போன்ற ஊசியைச் செருகி நோயைத் தீர்ப்பவர். அவருடைய முப்பாட்டனார் எழுதிவைத்த ஏடு ஒன்று வீட்டில் இருந்தது. முப்பது முழம் நீளமுள்ள வெள்ளைப் பட்டு. சுருட்டினால் ஒரு கைக்குழந்தை அளவு இருக்கும். மனித உடம்பில் ஊசி வைக்கத்தக்க முந்நூற்று அறுபது இடங்களும், அவற்றின் பெயர்களும், அளவுகளும் அதில் இருந்தன. மேகக் கதவு, காற்றுக் குளம், ஊற்றுக்கண், உள்வாசல் என்று பெயர்கள். உடம்பை ஒரு நாடாக எண்ணி, அதில் நடந்து நடந்து பெயர் வைத்த ஒருவர் எழுதியது.

அந்த ஏட்டுக்கு வேறு படி கிடையாது.

மெங் லூ அதைக் கண்ணைப் போலக் காத்தார். இலையுதிர் காலம் வந்தால் கூடத்தில் விரித்து, வாத்தின் இறகால் தூசி தட்டுவார். பிறகு ஒட்டரிசியில் காய்ச்சிய கஞ்சியை மெழுகுபோலத் தடவி, பட்டை விறைப்பாக்கி, வெயிலில் உலர்த்திச் சுருட்டுவார். மை கலைந்துவிடும் என்று எழுத்துப் பக்கத்தைக் கீழே கவிழ்த்து, முதுகுப் பக்கத்தில்தான் தடவுவார். ஆகவே வருஷத்துக்கு ஒருமுறை அவர் பார்த்தது ஏட்டின் முதுகை. அங்கங்கே எள்ளளவு ஓட்டைகள் தெரிந்தன. பழைய பட்டு அப்படித்தான் இருக்கும் என்று அவற்றின் மேலும் கஞ்சி பூசினார்.

அவர் மனைவி லிஹுவாவுக்கு இது பொறுக்காது. பொறுக்காததை அடக்கிவைக்கும் வழக்கம் அவளுக்கு இல்லை.

"ஏங்க, கஞ்சியில கொஞ்சம் கசப்பு மரப்பட்டையை இடிச்சுப் போடுங்க. பூச்சி அண்டாது."

"பட்டு மஞ்சளாயிடும், லிஹுவா. முப்பாட்டனார் வெள்ளையில எழுதினார்."

"முப்பாட்டனார் படிக்கிறதுக்கு எழுதினார். நீங்க துவைச்சு உலர்த்துறதுக்கா எழுதினார்?"

அவள் சொன்னது உண்மைதான். முந்நூற்று அறுபதில் மெங் லூ பழக்கத்தில் வைத்திருந்தது நாற்பது இடங்கள். தலைவலிக்கு ஒன்று, பல்வலிக்கு ஒன்று, வயலில் குனிந்து நிமிர்ந்த முதுகுகளுக்கு ஏழெட்டு. ஊரின் நோய்களெல்லாம் அந்த நாற்பதுக்குள் அடங்கிவிட்டன. மற்றவற்றை ஏன் மனப்பாடம் செய்ய வேண்டும்? ஏடுதான் பத்திரமாக இருக்கிறதே.

அந்த வருஷம் லிஹுவாவுக்கு விக்கல் பிடித்தது.

முதல் நாள் எல்லோரும் சிரித்தார்கள். லிஹுவாவும் சிரித்தாள். அவள் திட்டும்போது நடுவே விக்கல் வந்து வாக்கியத்தைத் துண்டாக்கியது. "உங்களை... விக்... எத்தனை தடவை... விக்... செருப்பை..." செருப்புக்கு என்ன ஆனது என்று அன்று யாருக்கும் தெரியவில்லை.

இரண்டாம் நாள் வைத்தியம் சொல்ல வாத்து வந்தது. "அம்மா, தலையைத் தண்ணிக்குள்ள விட்டு, வாலை மேல தூக்கி, பத்து எண்ணுங்க. எங்க குடும்பத்தில ஒருத்தருக்கும் விக்கல் கிடையாது." லிஹுவா தலையை மட்டும் தொட்டித் தண்ணீருக்குள் விட்டாள். தண்ணீருக்குள்ளும் விக்கினாள்.

மூன்றாம் நாள் கழுதை வந்தது. "பயமுறுத்தணும் வைத்தியரே. நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அவள் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து கத்தியது. லிஹுவா திரும்பி, கையிலிருந்த முள்ளங்கியால் அதன் மூக்கில் ஒன்று போட்டாள். பயந்தது கழுதைதான். விக்கல் நிற்கவில்லை.

ஆறாம் நாள் அவளுக்குக் கஞ்சி இறங்கவில்லை. ஒரு வாய் விழுங்குவதற்குள் மூன்று விக்கல். எட்டாம் நாள் தூக்கம் போயிற்று. கையிலிருந்த எலும்பு வளையல் முழங்கைவரை ஏறி இறங்கியது. ஒன்பதாம் நாள் காலையில் மெங் லூ செருப்போடு கூடத்துக்குள் நடந்தார். அவள் திட்டட்டும் என்று வேண்டுமென்றே நடந்தார். லிஹுவா உள்ளறைப் பாயில் படுத்தபடி அதைப் பார்த்தாள். திட்டவில்லை.

அப்போதுதான் இது சாதாரண விக்கல் இல்லை என்று அவருக்குப் புரிந்தது.

ஓடிப்போய் ஏட்டை எடுத்தார். பாட்டனார் காலத்துக்குப் பிறகு முதல்முறையாக எழுத்துப் பக்கம் மேலே பார்க்க விரிந்தது அந்தப் பட்டு. இருபத்தெட்டாவது முழத்தில் அவர் தேடியது இருந்தது.

"விக்கல் ஏழு நாள் கடந்தும் நில்லாதாயின் உள்வாசலில் ஊசி வைக்க. உள்வாசலாவது..."

அதற்குப் பிறகு ஓர் ஓட்டை. ஓட்டைக்கு அப்பால் "நடுவே". மறுபடி ஓட்டை. பிறகு "விரல்". பிறகு, ஓர் எழுத்துகூடச் சிதையாமல், முழுதாக ஒரு வரி: "இடம் தவறின் மூச்சு அகலும்."

பெயர் இருக்கிறது, வீடு எங்கே என்று தெரியவில்லை.

வாசல் என்றால் வாயாக இருக்கலாம் என்று யோசித்தார். மோவாய்க்குக் கீழே, ஊசியின் நுனி மட்டும் படும்படி வைத்தார். லிஹுவாவுக்கு விக்கலோடு தும்மலும் சேர்ந்துகொண்டது. உள்ளே போகும் வாசல் என்றால் தொப்புள் பக்கமோ என்று அங்கே ஒன்று வைத்தார். அவளுடைய இடது கால் தானாக எழும்பி ஓர் உதை விட்டது. தண்ணீர்ப் பானை உருண்டது. எந்தப் பக்கம் உருண்டதோ அந்தப் பக்கம் வைத்தியரும் இருந்தார்.

"வாசல் எங்கன்னு தெரியாத... விக்... வீட்டுக்கு..." என்று அவள் தொடங்கினாள். முடிக்கத் தெம்பில்லாமல் கண்ணை மூடிக்கொண்டாள்.

மூன்றாவது ஊசியை எடுத்தவர், மறுபடி கீழே வைத்துவிட்டார். கூடத்தில் ஏட்டின் முன்னால் போய் உட்கார்ந்து, முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார்.

"மருத்துவரே, உமது முகத்தில் நிறம் குன்றியுள்ளது. நாவை நீட்டுக."

மெங் லூ திடுக்கிட்டு நிமிர்ந்தார். கூடத்தில் யாரும் இல்லை.

"யாரது?"

"இருபத்தெட்டாம் முழம், இரண்டாம் துளை."

குனிந்து பார்த்தார். ஓட்டையின் விளிம்பில் அரை விரல்கடை நீளத்துக்கு ஒரு பூச்சி. மையில் தோய்த்து எடுத்ததுபோலக் கன்னங்கரேலென்று இருந்தது. இரண்டு மீசைகளை ஆட்டி, பண்டிதர்போல அவரைப் பார்த்தது.

"என் ஏட்டைத் தின்னது நீயா?"

"உண்டேன். காலையில் ஒரு சொல், மாலையில் ஒரு சொல். செரிமானம் நன்று."

மெங் லூ செருப்பைக் கழற்றி ஓங்கினார்.

"அடித்தால் அகத்துள்ளதும் அழியும்" என்றது பூச்சி, மீசையைக்கூட அசைக்காமல். "நீர் தேடும் சொற்கள் என் வயிற்றில் உள."

செருப்பு காற்றில் நின்றது.

"முப்பாட்டனார் நூலு. முப்பது வருஷமா அதை நான் எப்படிக் காப்பாத்திட்டு வர்றேன்! நீ பாட்டுக்கு..."

"நீர் அதைக் காத்தீர். நான் அதைக் கற்றேன்."

மெங் லூ ஓங்கிய கையை இறக்கினார். செருப்பை மெல்லக் கீழே போட்டார். அதுவும் கூடத்திலேயே விழுந்தது. திட்ட ஆளில்லை.

பூச்சி தன் கதையைச் சொன்னது. அதனிடம் ஏட்டின் சொற்கள் மட்டுமே இருந்தபடியால் கதை மருத்துவம்போலவே ஒலித்தது. ஆதியில் வானத்து அதிபதி உயிர்களுக்கெல்லாம் சொற்களை அளந்து கொடுத்தாராம். கழுதைக்கு ஒரு மூட்டை, வாத்துக்கு ஒரு கூடை, எறும்புக்குக்கூட ஒரு சிட்டிகை. அன்று இந்தப் பூச்சியின் குலம் ஒரு விரிசலுக்குள் தூங்கிப்போய்விட்டது. விழித்தபோது மூட்டை காலி.

"கஞ்சியின் பொருட்டு இவ்வேட்டினுள் வந்தேன். முதல் துளையிலேயே நாவில் ஒரு சொல் தங்கிற்று. 'நெற்றி' என்பது அது. பிறகு பசி இருவகை ஆயிற்று."

"அப்படின்னா அந்த வரியைச் சொல்லு. உள்வாசல் எங்கே இருக்கு? உனக்குப் புண்ணியமாப் போகும்."

பூச்சி துளைக்குள் பாதி பின்வாங்கியது.

"பேசிய சொல் என்னிடமே மீளும், ஈந்த சொல் என்னை விட்டு அகலும், மருத்துவரே. எனக்கெனப் பிறந்த சொல் ஒன்றும் இல்லை, உண்டவையே உள. ஒருமுறை, வயிற்றுள் இறங்கும் முன்னே, நாவிலிருந்த ஒரு சொல்லைச் சிலந்திக்குப் பரிசாக ஈந்தேன். குளிருக்கும் கோடைக்கும் நடுவே ஒரு பருவம் வருமே, மொட்டுகள் திறக்கும், காற்று இளகும்... அதன் பெயர் என்ன?"

"வசந்தம்."

"நீர் சொல்கிறீர். என் செவியில் அது நிற்பதில்லை." பூச்சியின் மீசைகள் தாழ்ந்தன. "மேலும், முதலில் உண்டது முதலில் வெளிவரும். அதுவே என் வயிற்றின் நெறி. நீர் வேண்டும் சொற்கள் நேற்று உண்டவை. அவை வர வேண்டுமாயின், அவற்றின் முன்னுள்ள யாவும் வர வேண்டும்."

மெங் லூவுக்குப் புரிந்தது. ஒரு வரியைக் கேட்பதாக நினைத்து, அதன் பேச்சு முழுவதையும் கேட்டுவிட்டார். பூச்சிதானே, போனால் என்ன என்று மனத்தின் ஒரு மூலை சொன்னது. ஆனால் அந்தச் சின்ன உயிர் 'வசந்தம்' என்ற சொல்லைத் தேடித் தடுமாறியதை அவர் பார்த்துவிட்டார்.

சுவரைப் பிடித்துக்கொண்டு லிஹுவா வந்து நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"வேண்டாங்க" என்றாள். "அதோட வாயை... விக்... பிடுங்கி... விக்... என் வாயில ஒட்ட வேண்டாம். பேச்சில்லாம... விக்... இருக்கிறது எப்படின்னு... எனக்குத்தானே... விக்... தெரியும்."

பூச்சி ஓட்டையிலிருந்து முழுவதுமாக வெளியே வந்தது. அவளை நோக்கி நான்கு எழுத்து தூரம் நடந்தது.

"அம்மையீர், இவ்வீட்டில் ஓர் ஒலி இருந்தது. காலையில் எழும், இரவில் அடங்கும். ஏட்டினுள் இருந்து நாள்தோறும் கேட்டேன். அதில் வெப்பம் மிகுதி, விரைவு மிகுதி, எனினும் நாடி நேராக ஓடிற்று. ஒன்பது நாளாக அவ்வோட்டம் தடைபட்டுள்ளது. தடை நீக்குதல் மருத்துவனின் கடன்."

"என்னால முடியலையே" என்றார் மெங் லூ.

"உம்மைக் கூறவில்லை. நூல் முழுதும் கற்றவனே மருத்துவன் என்று மூன்றாம் முழம் சொல்லும். இவ்வீட்டில் அவ்வாறு கற்றது யான் ஒருவனே." பூச்சி மார்பை நிமிர்த்தியது, மார்பு இருந்த இடம் எதுவென்று சொல்வது கடினம். "புதுப் பட்டுத்துணி கொணர்க. மை அரைக்க."

காலைச் சூரியன் கழுதைக் கொட்டிலின் கூரையைத் தொட்டபோது தொடங்கினார்கள். மெங் லூ முதல் முழத்திலிருந்து உரக்கப் படிப்பார். ஓட்டை வந்தால் நிறுத்துவார். பூச்சி அந்தச் சொல்லைச் சொல்லும். அவர் புதுப் பட்டில் எழுதுவார். லிஹுவா விக்கிக்கொண்டே மை அரைத்தாள். வெளியே வாத்தும் கழுதையும் கழுத்தை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தன. கழுதை, தன் வாழ்நாளில் அந்த ஒரு நாள் மட்டும், கருத்து எதுவும் சொல்லவில்லை.

"மேகக் கதவு என்பது தோளுக்கும்..."

"மார்புக்கும்."

"இடையே, ஆறு..."

"விரல் தள்ளி."

ஒவ்வொரு சொல்லும் வெளியே வந்தபோது பூச்சியின் கறுப்பு ஒரு பொட்டு குறைந்தது. மையை உண்டு கறுத்த உடம்பு. மை திரும்பிப் போகப் போக, தலையிலிருந்து வெளுத்துக்கொண்டு வந்தது. பதினோராம் முழத்தில் பேச்சின் மிடுக்கு போயிற்று. பதினேழில் "அம்மையீர்" போயிற்று. அதற்கு மேல் சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லியது. இடையில் ஓர் ஓட்டையில் வாய் திறந்து, ஒன்றும் வராமல் நின்றது. மெங் லூ முன்னும் பின்னும் படித்துப் பார்த்தார். "கல்லீரலுக்கு உரிய பருவம்..." ஓட்டை.

"வசந்தம்... விக்..." என்றாள் லிஹுவா மெதுவாக.

அதை எழுதிக்கொண்டு மேலே போனார்கள்.

மெங் லூ அன்றுதான் தன் முப்பாட்டனாரின் நூலை முதல்முறையாகப் படித்தார். பாதத்தில் ஊற்றுக்கண் இருப்பதும், பிடரியில் காற்று வந்து தங்கும் குளம் இருப்பதும், ஓர் உடம்புக்குள் இத்தனை மலையும் நதியும் இருப்பதும் அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. வெட்கத்தையும் மீறி ஆனந்தமாகவும் இருந்தது. குரல் கம்மியபோதும் நிறுத்தாமல் படித்தார்.

நதிக்கு அப்பால் வெயில் சிவந்த வேளையில் இருபத்தெட்டாம் முழம் வந்தது.

"உள்வாசலாவது..." என்று படித்து நிறுத்தினார்.

பூச்சி வாலின் நுனியில் மட்டும் கறுத்திருந்தது. லிஹுவாவை ஒருமுறை பார்த்தது.

"மணிக்கட்டின் உட்புறம், இரு நரம்பின்..."

"நடுவே" என்று படித்தார் மெங் லூ. மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

பூச்சி எதையோ யோசிப்பதுபோல நின்றது. அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் அதனிடம் வேறொன்றும் இல்லை. எவ்வளவு சின்னச் சொல் அது!

"மூன்று" என்றது.

பட்டில் "விரல்" என்ற சொல் காத்திருந்தது.

மெங் லூ லிஹுவாவின் கையைத் திருப்பினார். மணிக்கட்டின் மடிப்பிலிருந்து மூன்று விரல் அளந்தார். இரண்டு நரம்புகளுக்கு நடுவே பள்ளம் ஒன்று, அவர் வருவாரென்று இத்தனை வருஷமாகக் காத்திருந்ததுபோல இருந்தது. ஊசியை வைத்தார்.

ஒரு விக்கல் வந்தது. பாதியில் நின்றது. வாத்து வெளியே பத்து எண்ணியது, இருபது எண்ணியது, அதற்கு மேல் அதற்கு எண்ணத் தெரியாது.

லிஹுவா ஒரு நீண்ட மூச்சு விட்டாள். பிறகு ஒன்பது நாள் தேக்கம் உடைந்து வந்தது.

"செருப்பை எத்தனை தடவை வாசல்ல விடச் சொல்லியிருக்கேன், கூடத்தில கொண்டுவந்து கழட்டிப் போட்டிருக்கீங்க, போட்டதும் பத்தாதுன்னு காலையிலேர்ந்து அந்தப் பிள்ளை வாய் ஓயாம பேசியிருக்கு, அதுக்கு ஒரு பருக்கை கொடுக்கணும்னு உங்களுக்குத் தோணிச்சா, இல்ல முப்பாட்டனார் அதையும் எழுதிவைக்கணுமா?"

நடுவில் ஒரு தடைகூட இல்லை. மெங் லூ தரையில் உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே அழுதார்.

ஏட்டின் மேல் பூச்சி அசையாமல் இருந்தது. தலையிலிருந்து வால்வரை வெள்ளியாக, அவர் கையிலிருந்த ஊசியைப் போலவே மின்னியது. லிஹுவா குனிந்து, "என்னப்பா, நல்லா இருக்கியா?" என்று கேட்டாள். மீசைகள் ஆடின. வார்த்தை வரவில்லை. அவள் முகம் வாடியது. ஆனாலும் பேச்சை நிறுத்தவில்லை. இரண்டு பேருக்குமான பேச்சை அவளே பேசத் தொடங்கினாள்.

அடுத்த மாதம் அந்த ஏட்டை அவர் நல்ல பட்டில் திருத்தமாகப் படியெடுக்க உட்கார்ந்தபோது, லிஹுவா பட்டின் நடுப்பகுதியைக் கசப்புப் பட்டைச் சாற்றில் தோய்த்து மஞ்சளாக்கிக் கொடுத்தாள். மெங் லூ அதை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். நான்கு பக்கமும் நான்கு விரல் அகலத்துக்கு வெள்ளையாகவே விட்டு, அங்கே மட்டும் ஒட்டரிசிக் கஞ்சியைத் தாராளமாகத் தடவியிருந்தாள்.

"எழுத்து உங்களுக்கு, ஓரம் அதுக்கு" என்றாள். "கோட்டைத் தாண்டி எழுதினீங்கன்னா பார்த்துக்கோங்க."

அவர் தாண்டவில்லை. வேறு ஊர் வைத்தியர்கள் வந்து அந்த ஏட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள். ஓரம் எதற்கென்று கேட்காமல் ஓரத்தையும் சேர்த்துப் படியெடுத்தார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்கள். பட்டு போய்க் காகிதம் வந்தது. ஓரம் மட்டும் போகவில்லை. லிஹுவா இருந்தவரை, வருஷந்தோறும் மொட்டுகள் திறக்கும் நாளில் ஏட்டை விரித்து, அதன் ஓரத்தில் குனிந்து, "வசந்தம் வந்தாச்சு" என்று சொல்லிவிட்டுத்தான் சுருட்டுவாள்.

நாம் எழுதும் பக்கத்தில் ஓரம் விடுவதும், ஏட்டுப்பூச்சி வெள்ளியாய் மின்னிக்கொண்டு வாய்பேசாமல் திரிவதும் அந்த ஒரு பகற்பொழுதிலிருந்துதான். ஓரத்திலேயே அதற்குப் போதுமான உணவு இருக்கிறது. எப்போதாவது ஒரு பழைய புத்தகத்தைப் பிரிக்கும்போது, ஓரத்தைக் கடந்து, ஒரு சொல்லின் நடுவே எள்ளளவு ஓட்டை இருந்தால் கோபிக்க வேண்டாம். தொலைத்த சொற்களில் ஒன்றை அது அங்கே தேடிப் பார்த்திருக்கிறது.